தடைக்காலத்தில் பெங்களூரு போக யார் காசு தருவார்கள்?

வாசகர் கேள்வி – பதில்

கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகையோடு கிடைக்கும் கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சி பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையோரத்திலிருந்து நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கல்லூரியில் விலங்கியல் நடத்திய பழக்கம், மாணவர்களை ‘நீ’ என்றுதான் எழுத வருகிறது. பெற்றோர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார். கோடையில் இரண்டு மாதம் பெங்களூரில் ஆராய்ச்சி செய்யலாம், பணமும் தருவார்கள் என்று எங்கள் துறை மேடம் சொன்னார். வீட்டிலோ, ‘அவங்க தர்றது இருக்கட்டும், நீ போய்ச் சேர யாரு காசு தர்றது?’ என்று கேட்கிறார்கள். உண்மையில் எவ்வளவு தருவார்கள், எப்போது தருவார்கள்? – மாணவி, பாம்பன்

வந்த கடிதங்களிலேயே நல்ல கேள்வி உன் வீட்டில் கேட்டதுதான். எந்த அறிவிப்பிலும் இதற்குப் பதில் இருக்காது.

முதலில் தொகை. மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து வருடாவருடம் ஒரு கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப் நடத்துகின்றன. சி.வி. ராமன் 1934இல் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமி ஒன்று. மற்ற இரண்டும் டெல்லியிலும் பிரயாக்ராஜிலும் இருக்கின்றன. உங்கள் மேடம் சொன்னது இதுவாக இருக்கலாம். இல்லையென்றால் பெங்களூரு ஜக்கூரில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் ஃபெலோஷிப்பாக இருக்கும். இரண்டுமே இரண்டு மாதம். நம் நாட்டுக்குள் நடக்கும் இந்த மாதிரிப் பயிற்சிகளில் மாதம் பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்ற அளவில்தான் தொகை இருக்கும். வருடத்துக்கு வருடம் மாறும், அந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள். அகாடமி ஃபெலோஷிப்பில் போக வர ரயில் கட்டணமும் உண்டு. அதற்குப் பயணச்சீட்டைக் காட்ட வேண்டியிருக்கும், கசக்கிப் போட்டுவிடாதே. (உங்கள் மேடத்திடம் இதையும் சொல்: அகாடமி ஃபெலோஷிப்புக்கு ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம்.)

இப்போது ‘எப்போது’ என்பதற்கு வருகிறேன். இந்தப் பணம் முன்பணமாக வருவதில்லை. போய்ச் சேர்ந்த கடிதம், இடையில் ஓர் அறிக்கை, முடிவில் ஓர் அறிக்கை என்று கொடுத்த பிறகுதான் பெரும்பாலும் கணக்கில் ஏறும். ஆனால் விடுதிக்கு முன்பணம், மெஸ்ஸுக்கு முன்பணம், பாய் தலையணை, பேருந்து என்று செலவு முதல் நாளே தொடங்கிவிடும்.

இதில் நம் கரைக்கு மட்டும் ஒரு கூடுதல் சிக்கல். பயிற்சி மே மாதம் தொடங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிற அந்த இரண்டு மாதத்தில்தான் நீ ‘எட்டாயிரம் வேண்டும்’ என்று அப்பாவிடம் போய் நிற்கிறாய். அரசாங்கம் தருகிற தடைக்கால நிவாரணமே 8,000 ரூபாய்தான். 2023இல் அறிவிப்பு வருவதற்கு முன் அதுவும் ஐயாயிரமாகத்தான் இருந்தது. அதை உன் கையில் கொடுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? இடம் கிடைத்தும் போகாமல் நின்றுவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். மதிப்பெண்ணில் யாரும் குறைந்தவர்கள் இல்லை. மே முதல் வாரத்தில் கையில் காசு இல்லை, அவ்வளவுதான்.

அதனால் பணத்தை மே மாதத்தில் தேடாதே, அக்டோபரிலேயே தொடங்கு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் உனக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை அதைத் தொடாமல் வைத்தால் ஏழாயிரம் ஆகும். அம்மா மகளிர் குழுவில் இருந்தால் உள்கடனுக்கு மார்ச்சிலேயே சொல்லி வைக்கட்டும். திருப்பிக் கட்ட ஆகஸ்ட் வரை தவணை கேளுங்கள். அப்புறம், தேர்வான மின்னஞ்சல் வந்த அன்றே, உன்னைச் சேர்த்துக்கொண்ட பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுது: விடுதி கிடைக்குமா, ஒரு நாளைக்கு எவ்வளவு, மெஸ் பணத்தை உதவித்தொகை வந்த பிறகு கட்டலாமா. இதைக் கேட்க வெட்கப்பட ஒன்றும் இல்லை. கேட்டவர்களுக்கு ஏதாவது ஒரு வழி செய்து கொடுப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

வங்கிக் கணக்கில் இன்னொரு தொல்லை காத்திருக்கும். மதிப்பெண் பட்டியலில் உன் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் ஒட்டியிருக்கும், வங்கிப் புத்தகத்தில் மூன்றாவதாக ஒன்று. வட இந்திய அலுவலகத்துக்கு இது மூன்று ஆளாகத் தெரியும். பணம் திரும்பிப் போய்விட்டால் மறுபடி வருவதற்குள் அடுத்த பருவத் தேர்வு வந்துவிடும். இப்போதே ஒன்றுபோல மாற்றிவிடு.

என் மாணவி ஒருத்தி உன் மாதிரி வீட்டிலிருந்து போனவள். மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று அவள் அம்மா நெத்திலிக் கருவாட்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார். விடுதி அறையே அலறிவிட்டது. நெத்திலியை வறுத்துப் பொடியாக்கி மூடி இறுக்கிய புட்டியில் கொண்டு போ.

இ.சி.இ. மூன்றாம் ஆண்டு. ‘பெரிய நிறுவனத்தில் ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப், இடம் உறுதி, சான்றிதழ் உறுதி’ என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பதிவுக் கட்டணம் 4,999 ரூபாயாம். வாப்பா துபாயில் இருக்கிறார், கேட்டால் அனுப்பிவிடுவார். கட்டலாமா? – மாணவர், கீழக்கரை

கட்டாதே. உன் வேலைக்கு அவர்கள் காசு தர வேண்டும். உன்னிடம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருகிறவர் செய்வது சான்றிதழ் வியாபாரம். விண்ணப்பம் போட்ட மறுநாளே ‘தேர்வாகிவிட்டாய்’ என்று வந்தாலும், வழிகாட்டும் ஆளின் பெயரே இல்லாவிட்டாலும், ‘இன்று இரவுக்குள்’ என்று அவசரப்படுத்தினாலும் போனைக் கீழே வைத்துவிடு.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். கல்லூரிப் பாடத்திட்டத்துக்காகத் திட்ட வேலை செய்ய வருகிற மாணவரிடம் சில அரசு ஆய்வகங்கள் கட்டணம் வாங்குவது உண்டு. ரசாயனம், கருவி நேரம் எல்லாம் செலவுதானே. அது அந்த நிறுவனத்தின் அறிவிப்பிலேயே அச்சாகியிருக்கும், பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போகும், ரசீது வரும். தனி ஆளின் ஜிபே எண்ணுக்குப் போகாது. அது மோசடி இல்லை. ஆனால் உதவித்தொகைப் பயிற்சியும் இல்லை.

மூன்றாம் ஆண்டுக்காரனான உனக்கு நான் முதலில் சொல்வது சென்னை ஐ.ஐ.டி.யின் கோடைக்கால ஃபெலோஷிப். இறுதியாண்டுக்கு முந்தைய ஆண்டில் இருப்பவர்களுக்கானது. மே பாதியிலிருந்து ஜூலை பாதி வரை இரண்டு மாதம், உதவித்தொகை உண்டு. அறிவிப்பு பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். வாப்பாவிடம் கேட்கிற ஐயாயிரத்தை விடுதிச் செலவுக்கு வைத்துக்கொள்.

மண்டபம் முகாமில்தான் வீடு. எம்.எஸ்சி. வேதியியல் முதலாண்டு. வாசலைத் தாண்டினால் ஆய்வகம், ஆனால் உள்ளே போனது பள்ளிச் சுற்றுலாவில் ஒரு முறைதான். இங்கேயே பயிற்சி எடுத்தால் செலவு மிச்சமாகுமே, சேர்த்துக்கொள்வார்களா? – மாணவி

உன் ஊர் மாதிரி இன்னொன்றைத் தமிழ்நாட்டில் காட்டுவது கஷ்டம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கியது; 1971இல் கொச்சிக்குப் போகும்வரை அதன் தலைமையகமே மண்டபம்தான். இப்போதும் மண்டல மையம் இருக்கிறது. கடல் விரால் மீனை இந்தியாவில் முதன்முதலில் குஞ்சு பொரிக்க வைத்தது அங்கேதான், 2010இல். குஜராத் பாவ்நகரில் தலைமையகம் கொண்ட மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இங்கே ஒரு கடற்பாசி ஆய்வு நிலையம் இருக்கிறது. காரைக்குடி சிக்ரிக்கு (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) ஓர் அரிமான ஆய்வுப் பிரிவு இருக்கிறது. இரும்புத் துண்டுகளை உப்புக் காற்றில் தொங்கவிட்டு எவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். நம் வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே அதற்கு ஏன் மண்டபத்தைப் பிடித்தார்கள் என்று புரியும். வேதியியல் படிக்கிற உனக்கு மூன்றில் இரண்டு நேராகப் பொருந்தும்.

சேர்த்துக்கொள்வார்கள், துறைத்தலைவர் கடிதத்தோடு போனால். ஆனால் முன் பதிலில் சொன்னேன் பார், அந்த வகையில்தான்: திட்ட வேலை, உதவித்தொகை கிடையாது, கட்டணம்கூட இருக்கலாம். வீட்டுச் சாப்பாடு, நடந்து போகிற தூரம் என்பதால் உனக்கு அது தாங்கும். இரண்டாம் ஆண்டுத் திட்டத்தை அங்கே செய். இந்தக் கோடையில் ஊரை விட்டு வெளியே போ. கடலைப் பார்த்தே வளர்ந்தவள், இரண்டு மாதம் வேறு ஊர் ஆய்வகத்தில் வேறு கருவிகளோடு வேலை செய்துவிட்டு வந்தால், இங்கே திட்ட வேலை கேட்கும்போதும் உன் பேச்சில் தெம்பு இருக்கும்.

முதுகலை முடித்த பிறகு அந்தந்த நிறுவனங்களின் இணையதளத்தில் நேர்முகத் தேர்வு அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இரு. ஒரு திட்டத்துக்கு ஒன்றிரண்டு வருடம் ஆள் எடுப்பார்கள், அதற்கு மாதச் சம்பளம் உண்டு. பல நேரம் எழுத்துத் தேர்வே இருக்காது. மண்டபத்தில் நடக்கிற நேர்முகத் தேர்வுக்கு மண்டபத்துப் பிள்ளைகள் வராததுதான் எனக்குப் புரியாத விஷயம்.

விண்ணப்பத்தில் ‘என்ன ஆராய்ச்சி செய்ய விருப்பம்’ என்று ஆங்கிலத்தில் எழுதச் சொல்கிறார்கள். எனக்கு ஆங்கிலம் சுமார். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. நீங்களே ஒரு மாதிரி எழுதித் தர முடியுமா? – பி.எஸ்சி. தாவரவியல் மாணவி, தேவிபட்டினம் பக்கத்துக் கிராமம்

எழுதித் தர மாட்டேன். ஆனால் உன் கடிதத்தின் இரண்டாவது பக்கத்தில், கேள்விக்குச் சம்பந்தமில்லாமல், அம்மா பாசி வளர்ப்புக்குப் போகிறார் என்றும் போன சித்திரையில் தெப்பமெல்லாம் வெளுத்து விதைப் பாசிகூட மிஞ்சவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்தைத்தான் விண்ணப்பத்தில் எழுத வேண்டும்.

அந்தச் சில நூறு சொற்களைப் படிக்கிற விஞ்ஞானி ஒரே உட்காரலில் ஏகப்பட்ட விண்ணப்பம் பார்க்கிறார். பாதிப் பேர் ‘சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம்’ என்று தொடங்குவார்கள். நம் மாவட்டத்திலிருந்து போகிற விண்ணப்பம் என்றால் இரண்டாவது வரியில் கலாம் வந்துவிடுவார். அவர் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் பிறந்தது உன் தகுதி ஆகாது.

உனக்கு என்னென்ன தெரியும் என்று பார். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி மூங்கில் தெப்பம். அதில் கயிற்றுக்குக் கயிறு முடிச்சுப் போட்டு மொத்தம் 60 கிலோ விதை. 45 நாளில் அறுப்பு. அம்மா வளர்க்கிற கப்பாபைகஸ் நம் ஊர்ப் பாசி இல்லை, வெளியிலிருந்து கொண்டுவந்தது. அதிலிருந்து கராஜீனன் என்ற கூழ்ப்பொருளை எடுத்து ஐஸ்கிரீமிலிருந்து பற்பசை வரை சேர்க்கிறார்கள். வெயில் ஏறினால் தண்டு வெளுத்து ஒடிந்து விழுகிறது. இது வரைக்கும் உனக்கு வீட்டிலேயே தெரிந்தது. இனி ஒரு கேள்வி: வெளுப்பது தண்ணீர்ச் சூட்டாலா, உப்பு ஏறியதாலா, ‘ஐஸ்–ஐஸ்’ என்கிறார்களே அந்த நோயாலா? மூன்றையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பாய்? தண்ணீரின் சூட்டையும் உப்பையும் வாராவாரம் அளந்து, வெளுத்த தண்டையும் வெளுக்காத தண்டையும் நுண்ணோக்கியில் ஒப்பிடலாம் என்று உனக்கே தோன்றியிருக்கும். அதைத்தான் எழுத வேண்டும்.

கதையின் மறுபக்கத்தையும் படித்துவிட்டு எழுது. இதே பாசி குருசடைத் தீவுப் பக்கம் உயிருள்ள பவளப்பாறை மேல் படர்ந்து மூடியதை ஆய்வாளர்கள் 2008இல் பதிவு செய்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இலிருந்து தேசியப் பூங்கா, அதனால் இது சின்ன விஷயம் கிடையாது. அம்மாவுக்குச் சோறு போடுகிற செடியே பவளத்துக்கு எதிரியாக இருக்கலாம் என்று தெரிந்து எழுதுகிறவளை எந்த விஞ்ஞானியும் கூப்பிட்டுப் பேசத்தான் நினைப்பார்.

ஆங்கிலத்துக்கு வருவோம். முதலில் தமிழில் எழுது. ஒரு வாக்கியத்தில் ஒரே செய்தி. பிறகு அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக்கு. பெரிய சொல் ஒன்றும் வேண்டாம். ‘சயின்ஸ் இஸ் மை பேஷன்’ வேண்டவே வேண்டாம். பாசியின் அறிவியல் பெயரில் மட்டும் எழுத்துப்பிழை வரக் கூடாது. கணினியிடம் கொடுத்து மெருகேற்றினால் எல்லார் கடிதமும் ஒரே முகமாகத் திரும்பி வருகிறது. இலக்கணப் பிழையைத் திருத்த மட்டும் வைத்துக்கொள். எழுதி முடித்ததும் உன் ஆசிரியரிடம் காட்டு. பரிந்துரைக் கடிதம் அவர்தான் தர வேண்டும். கடைசி நாள் இரவு ‘மேடம், ஒரு லிங்க் வந்திருக்கும்’ என்று போன் செய்யாமல் பத்து நாள் முன்பே சொல்லிவிடு. மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.

ஒன்று விட்டுப்போனது. பாசி படிக்காத பிள்ளைகள் ‘எனக்கு என்ன இருக்கிறது’ என்று கேட்க வேண்டாம். மின்னியல் படிப்பவருக்குக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது, அதன் தகடுகளில் படியும் புழுதி இருக்கிறது. இயந்திரவியல் படிப்பவருக்கு 2025இல் திறந்த புதிய பாம்பன் பாலம், கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. வேடிக்கை பார்க்கப் போனவர்களில் எத்தனை பேர் அதைத் தூக்குகிற எதிர் எடையைப் பற்றி யோசித்தார்கள்?

அம்மா, வணக்கம். மகன் பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டான். சென்னையில் 15,000 ரூபாய்க்கு வேலை வந்தது, போகவில்லை. மேலே படித்து ஆராய்ச்சி செய்யப் போகிறானாம். இவன் எப்போது சம்பாதிப்பான்? மைத்துனர் சிங்கப்பூருக்குக் கூப்பிடுகிறார். – தந்தை, தொண்டி

ஐயா, ஆராய்ச்சி என்றால் சோறு கிடைக்காது என்ற காலம் போய்விட்டது. கணக்கைச் சொல்கிறேன், முடிவை நீங்கள் இரண்டு பேரும் பேசி எடுங்கள். பி.இ. முடித்தவருக்கு வாசல், ‘கேட்’ என்ற நுழைவுத் தேர்வு. ஆகஸ்ட், செப்டம்பரில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. நல்ல மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய், இரண்டு வருடம். அது அவன் சாப்பாட்டுக்கும் விடுதிக்கும் சரியாகப் போகும், வீட்டுக்கு வராது. அதற்குமேல் முனைவர் பட்டத்துக்குப் போனால், மத்திய அரசின் இளநிலை ஆய்வாளர் தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000. இரண்டு வருடம் கழித்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பிரதமர் பெயரிலான ஆய்வு ஃபெலோஷிப்பில் 70,000த்தில் தொடங்கி 80,000 வரை போகும், ஆனால் அந்த இடம் கிடைப்பது அரிது.

ஒன்றாம் தேதி வருகிற சம்பளம் மாதிரி இதை நினைத்துவிடாதீர்கள். சில மாதம் வராது, பிறகு சேர்ந்து வரும். ஏற்கெனவே கடன் இருக்கிற வீடு என்றால் அந்த இடைவெளியை யார் தாங்குவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

என் கருத்து: ஒரு வருடம் கொடுங்கள். பிப்ரவரித் தேர்வு முடிவு மார்ச்சில் வந்துவிடும். மதிப்பெண் வரவில்லை என்றால் மைத்துனர் அப்போதும் சிங்கப்பூரில்தான் இருக்கப்போகிறார். தம்பியிடம் ஒரு வார்த்தை: அந்த ஒரு வருடமும் வீட்டில் படுத்துக்கொண்டு ‘படிக்கிறேன்’ என்று சொல்லாதே. அப்பா பார்க்கிற மாதிரி உட்கார்ந்து படி.

மகள் பன்னிரண்டாம் வகுப்பில் மிக நல்ல மதிப்பெண். இப்போது பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்திருக்கிறாள். வருடம் 80,000 ரூபாய் தரும் திட்டம் ஒன்று இருக்கிறதாமே? – தாய், ஏர்வாடி

இருக்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பையர் உதவித்தொகை. மாநிலக் கல்வி வாரியத்தில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியல் பாடத்தில் இளநிலை சேர்ந்தவர்களுக்கு. பொறியியல், மருத்துவம் சேர்ந்தால் கிடையாது. இந்த விவரம் தெரிந்திருந்தால் சில வீடுகளில் முடிவே வேறாக இருந்திருக்கும். 80,000த்தில் 60,000 உதவித்தொகை. மீதி 20,000 கோடையில் ஒரு விஞ்ஞானியின் கீழ் ஆய்வு செய்வதற்கானது. ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும். முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும், அதனால் இந்த வாரமே கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

இப்போதுதான் இதெல்லாம் தெரிகிறது, மார்ச் வந்துவிட்டது. இந்த வருடம் போச்சா? – மாணவர், சாயல்குடி

அகாடமி ஃபெலோஷிப்புக்குப் போச்சு. அதற்கு விண்ணப்பம் தீபாவளியை ஒட்டித் திறந்து மூடிவிடும். மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தின் கோடைப் பயிற்சிக்கும் ஜனவரி, பிப்ரவரியோடு சரி. ஐ.ஐ.டி.கள் சிலவற்றில் மார்ச் கடைசி வரை நேரம் இருக்கலாம், இன்று மாலையே ஒவ்வொன்றாகப் பார்த்துவிடு. அதுவும் இல்லையென்றால் மதுரை, காரைக்குடிப் பக்கம் பேருந்தில் போய்வரக்கூடிய பேராசிரியர் இரண்டு மூன்று பேரின் கட்டுரைகளைப் படித்து, படித்தது என்ன என்று குறிப்பிட்டுக் கடிதம் எழுது. இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் நிதி தருகிறது. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும், துறைத்தலைவரிடம் ஜூன் மாதமே நினைவுபடுத்து.